நூறு நானோ

கணக்கு நன்றாக வரும் என்ற திமிர் எனக்கு அப்போது உண்டு. ஒரகடத்தில், செல்போன் போர்டு செய்யும் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். ஒருநாள், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த செல்வி மெஷினில் போர்டில் பொருத்தும் கெப்பாசிட்டர்களின் புது ரீலை மாட்டியிருந்தாள். எங்கள் ஷீட்டில் இருக்கவேண்டிய அளவு 0.1 மைக்ரோ ஃபாரட். ரீல் லேபிளில் 100 நானோ ஃபாரட். அவசரமாக மனக்கணக்குப் போட்டு, ரீலில் இருப்பது பத்து மடங்கு குறைவு என்று லைனையே நிறுத்தினேன்.

"கண்ண எங்க வச்சிக்கினு மாட்டுன?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் அழுதாள். அன்றே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

கேன்டீனில் சாப்பிடும்போதுதான் உறைத்தது. ஆயிரம் நானோ ஒரு மைக்ரோ. அப்படியென்றால் நூறு நானோதான் 0.1 மைக்ரோ. அவள் மாட்டியது சரியான ரீல். யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்வி என்னிடம் வந்தாள். கையில் வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதி.

"நீங்க மட்டும் பாக்கலைன்னா அம்புட்டு போர்டும் வீணாப் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும் சார். உங்க பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணுனேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். விபூதியை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன்.

அந்தக் கணக்கை இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வேன். அதைக் கேட்க வேண்டியவள்தான் எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை.