பிராக்கில் படித்த மாப்பிள்ளை

"செக் மொழிப் பயிற்சியாளர்: குலசிங்கம். பிராக் நகரில் உயர்கல்வி கற்றவர்" என்றது ஓபராவின் நிகழ்ச்சிக் கையேடு. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், மங்கரே பகுதிச் சரக்குக் கொட்டகையொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குலசிங்கம் அதை வாசித்துவிட்டு, மற்றவர் கண்ணில் படாமல் நாலாய் மடித்தார்.

பிராக்கில் இருந்தது உண்மைதான். கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு, அவரையும் வேறு சிலரையும் ஒரு குளிர்காலம் முழுக்க ஃபிளாட் ஒன்றில் வைத்துப் பூட்டிவிட்டான். உள்ளே இருந்த ஒரே வாத்தியார் தொலைக்காட்சி. அது கற்பித்தது வானிலையும், பிள்ளைகளைத் தூங்கவைக்கும் கதைகளும். பிறகு பெண் பார்க்கப் போன இடத்தில், "பிராக்கில என்ன செய்தனீங்கள்?" என்று மாமனார் கேட்டார். "படிச்சனான்" என்றார். முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது. மனைவி குணவதி அந்தப் படிப்பை, பிளாட் புஷ் என்ற பக்கத்து ஊர்ப்புறத்தில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட வீடுகளிலெல்லாம் பரிமாறினார்.

சரித்திர நாவலைத் தழுவிய செக் ஓபரா அது. கோட்டைக்குள் அடைபட்ட ஒருத்தியின் கதை. அதில் கோரஸ் பாடும் மகள் பிரணவிதான், பாடகர்களுக்குச் செக் உச்சரிப்புப் பழக்க அப்பாவைப் பிடித்துக் கொடுத்தாள்.

"எனக்கு ஏலாது, பிள்ளை."

"டாட், யூ ஸ்டடீட் தேர்!"

மறுப்பதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். போனார். அவர் பழக்கியபடி, ஒத்திகைகளில் நீதிபதி மரண தண்டனையைப் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற குரலில் வாசித்தார். செக் தெரியாத ஒக்லாந்துக்காரர்களுக்கு மெய்சிலிர்த்தது.

கடைசி ஒத்திகைக்குக் கிளென் ஈடனிலிருந்து ஒரு செக் அம்மா வந்திருந்தார். தண்டனை வாசிக்கையில் அவர் ஒருவர்தான் சிரித்தார். இடைவேளையில் நேரே வந்து, இந்தத் தூக்கக் கதைக் குரலை எங்கே பிடித்தீர்கள் என்று செக்கில் கேட்டார். ஒத்திகை பார்க்க வந்திருந்த குணவதி பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மாவிடம் படிப்புக் கதை எடுபடாது. அடுத்த கேள்வி எந்தக் கல்லூரி என்பதாகத்தான் இருக்கும். குலசிங்கம் உள்ளதை உள்ளபடி செக்கில் சொன்னார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"இஞ்சேருங்கோ, மனிசி ஏன் அழுகுது?" என்றார் குணவதி. "உங்கட யூனிவர்சிட்டியைப் பற்றியோ?"

ஓம் என்றால் போதும். மொழிபெயர்க்க அங்கே வேறு ஆளில்லை. தப்பும் வழியை மனைவியே திறந்து வைத்திருந்தார்.

குலசிங்கம் பிராக்கில் ஒரு குளிர்காலம் அடைபட்டுக் கிடந்தவர். அதை அன்று மனைவியிடம் தமிழில் சொன்னார்.