அரையிறுதியில் பின்னால் நின்றவர்

இன்று கொட்டாஞ்சேனையில் பெண்கள் கரம்போர்ட் போட்டியின் அரையிறுதி. எதிரில் தெமட்டகொடை ஃபரீனா. இதுவரை ஒருமுறைகூட அவரை நான் வென்றதில்லை.

கடைசி ஆட்டம். அவருக்கு ஒரு கறுப்பு, எனக்கு ஒரு வெள்ளை, நடுவில் சிவப்பு. சிவப்பைப் போட்டு, அடுத்த அடியிலேயே தன் காயையும் போடுகிறவருக்கு வெற்றி. என் முறை.

ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு.

"அங்கயில்லையப்பா, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்."

என் கணவர்!

பார்த்து வைத்த குறி கலைந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு நடுவரிடம் சொன்னேன்.

"அண்ணே, பின்னால நிக்கிறவரை வெளியில போகச் சொல்லுங்கோ."

"ஆர் அவர்?"

"என்ர மனுசன்."

மண்டபமே சிரித்தது. அவர் வெளியே போனார். ஃபரீனா மட்டும் சிரிக்கவில்லை. பலகையிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

சிவப்பை மட்டும் பார்த்தேன். மெதுவாகத் தட்டினேன். விழுந்தது. அடுத்து வெள்ளை. குழி விளிம்பில் தயங்கி நின்றது. பிறகு அதுவும் விழுந்தது.

ஃபரீனா எழுந்து கைகொடுத்தார். "நல்லா வெளாடினீங்க. இதுக்குத்தான் நான் என்ட மனுசன கூட்டிட்டு வாறதே இல்ல."

வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில் என் கணவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில்தான் பேசினார்.

"ஃபைனலுக்கும் வாறன். வாயே திறக்க மாட்டன்."

கல்யாணமான நாளிலிருந்து இவரோடு வாழ்கிறவள் நான். கூட்டிப் போகலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.