ஆவுளியாவின் வால்

டெல்பின் விற்பது பொம்மை அல்ல, பொம்மை பின்னும் வழி. குரோஷா ஊசியால் ஒரு நண்டையோ கடல்குதிரையையோ பின்னிப் பார்த்து, எத்தனை கண்ணி, எந்தச் சுற்றில் கூட்ட வேண்டும், எங்கே பஞ்சு அடைக்க வேண்டும் என்று எழுதி இணையத்தில் போடுவாள். கடல் தாண்டி யாரோ வாங்கிப் பின்னுவார்கள். தூத்துக்குடியில் அவள் தெருக்காரர்களுக்கு மட்டும் இது விளங்குவதே இல்லை. "நாப்பது வயசுல பொம்மை வச்சு விளையாடுதா" என்பார்கள். கல்யாணமாகாதவள், தனியாக இருப்பவள், சொல்வதற்குக் கேட்பானேன்!

இந்தத் தொழிலில் ஒரு வில்லங்கம் உண்டு. தன் முதுகு தனக்குத் தெரியாது. எழுதியவளே பின்னினால், தாளில் உள்ள தப்பைக் கை தானாகவே திருத்திக்கொண்டு போய்விடும். அதனால் வேறொருத்தி தாளை மட்டும் பார்த்துப் பின்னிச் சொல்ல வேண்டும். டெல்பினுக்கு அந்த வேறொருத்தி அக்கா பிளாரன்ஸ். பக்கத்துத் தெருவில் இருந்தவரை பாதிப் பொம்மையும் கையுமாக வாசலிலேயே கத்திக்கொண்டு வருவாள். "ஏளா, காதை எங்கன ஒட்டணும்னு எழுதவே இல்லியே, என் தலையிலயா ஒட்ட?" அந்த ஏச்சுக்குப் பிறகு காப்பி, பேச்சு, சிரிப்பு. பொழுது போவதே தெரியாது.

அத்தான் உப்பளத்து வேலைக்கு வேம்பாருக்குப் போனதும் அக்காவும் போனாள். அங்கே பலசரக்குக் கடை வேறு வைத்தாள். டெல்பின் வாட்ஸப்பில் அனுப்புவதற்கெல்லாம் "நல்லாருக்கு" என்று ஒரே பதில் வந்தது. அக்காவின் வாயா இது? அப்படி அனுப்பிய ஆமைப் பொம்மைக்குக் கால் நிற்கவில்லை என்று வாங்கியவர்கள் எழுதியபோது, டெல்பினுக்குத் துணுக்கென்றது. அக்கா அதைப் பின்னவே இல்லையோ?

அடுத்து ஆவுளியா. மன்னார் வளைகுடாவில் புல் மேயும் அந்தக் கடல்பசுவுக்கு, வால் திமிங்கிலத்தின் வால் போல இரண்டு மடலாக விரியும். டெல்பின் வேண்டுமென்றே இரண்டு மடலையும் இடது பக்கமே தைக்கச் சொல்லி எழுதி அக்காவுக்கு அனுப்பினாள். கையில் ஊசி எடுத்த யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. அக்காவை மாட்டிவிடுவதற்கு அல்ல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஏச்சைக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவளே போன் செய்தாள். கடை இரைச்சல் கேட்டது.

"அக்கா, ஆவுளியா போட்டுப் பாத்தியா?"

"பாத்தேம்ளா. நேத்தே முடிச்சிட்டேன். ஒரு தப்பும் இல்ல."

"வாலு சரியா வந்துச்சா?"

"அழகா வந்துச்சு. பிள்ளைங்க கையை விட்டு எறக்க மாட்டேங்குதுங்க."

இல்லாத பொம்மையைப் பிள்ளைகள் எங்கே தூக்க? கேட்டுவிடலாம். கேட்டால் அக்கா கூசிப்போவாள், பிறகு போனையும் எடுக்க மாட்டாள். அந்தப் பொய்யையாவது அக்கா தங்கைக்காகத்தானே சொல்கிறாள்.

"சந்தோசம்க்கா," என்றாள். "அடுத்தது திருக்கை போடுதேன். அனுப்பட்டா?"

"அனுப்புளா, அனுப்பு. கடையில ஆளு நிக்கி, போனை வைக்கேன்."