திரும்பி வருவேங்குறதுக்கு அத்தாட்சி

என்னங்க எல்லாரும், சொகமா இருக்கீங்களா? இங்க கலஹாவுல, தேயிலத் தோட்டத்துல மழ விட்டபாடில்ல.

லண்டன்ல மகளுக்குப் புள்ள பொறந்திருக்கு. ஒரு மாசம் போய்ப் பேரனப் பாக்கணும்னு இன்னைக்குக் கண்டியில விசா ஃபோம் நெரப்பப் போனேன். போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாதாம், அது வேற கத.

ஃபோம் நெரப்புற மிஸ் கேட்டாங்க, "திரும்பி வருவீங்கன்னு காட்ட காணி உறுதி, நெலப் பத்திரம் ஏதும் இருக்கா?"

"வரிசையா கட்டுன லயத்துல ஒரு காம்பரா, ஒத்த ரூமு, அதுக்கு ஏது மிஸ் உறுதி? அது தோட்டத்துச் சொத்து. ஆனா நாலு தலமொறயா அங்கதான் கெடக்குறோம்."

"அத எழுத ஃபோம்ல எடமில்லியே. தோட்டத்து மேனேஜர் தொரகிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க."

ஒரு முழம் மண்ணு எழுதித் தராத தோட்டம், நா திரும்பி வருவேன்னு எழுதித் தரணுமாம்!

கடிதத்துல என்னா போடலாம், சொல்லுங்க. என்னயக் கேட்டா, 'இவருக்குப் போக்கிடம் இல்ல'ன்னு ஒரு வரி போதும். அதயும் தொர கையாலயே எழுதட்டும்... இருங்க, சம்சாரம் கூப்புடுறா, நா திரும்பி வாறேன்.