இடப்பக்கம் இரண்டு சுற்று

பெல்ட்டின் பற்களை எண்ணும்போது சுடலைமணியிடம் யாரும் பேசக் கூடாது. புது பெல்ட்டை மடியில் வளையமாகப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளுவார். உதடு அசையும், சத்தம் வராது. நூற்றுச் சொச்சம் பல். அது முடிந்ததும் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெல்ட்டையும் அதேபோல் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஸ்பானரைத் தொடுவார்.

“டப்பா மேல நம்பர் போட்டிருக்காம்லா, பிறகு என்னத்துக்குல எண்ணுத?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நம்பர் போட்டவன் அவன் வீட்டுல படுத்துத் தூங்குவான் அண்ணாச்சி. வண்டிக்காரம்லா பாலத்து மேல நிப்பான்.”

மட்டாஞ்சேரியில் என் மிளகாய்க் கிடங்கின் பின்சுவரை ஒட்டியது அவர் வீடு. வீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு முற்றம். அதுதான் அவருக்கு ஒர்க்‌ஷாப். வேறு எந்த ரிப்பேரும் செய்ய மாட்டார். பழைய கார்களுக்கு டைமிங் பெல்ட் மாற்றுவது ஒன்றுதான் வேலை. இன்ஜினின் கீழ்ச்சக்கரத்தையும் மேல்சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பல் வைத்த ரப்பர் வார் அது. அறுந்தால், ஓடுகிற வண்டி ஓடுகிற இடத்திலேயே செத்து நிற்கும். கும்பளங்கியில் இருந்தெல்லாம் இவரைத் தேடி வருகிறார்கள்.

எனக்கு ஆளை எடை போடத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூட்டை தூக்க இந்த பஜாருக்கு வந்தேன், இன்று மூன்று கிடங்கு என் பெயரில் இருக்கிறது. ஒரு பிடி மிளகாயை மோந்து பார்த்து எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று சொல்வேன். பட்டம் படித்தவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் கொள்முதல் செய்கிறார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் கண்டதைத்தான் எழுதுவேன். பயந்து எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் என் பரம்பரைக்கே இல்லை.

சுடலைமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒடிசலான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பஞ்சுத்துண்டு. இன்ஜினைக் கேட்க வேண்டும் என்றால் மட்டும் அதை எடுப்பார். சக்கரங்களில் அடையாளம் வைக்க, மகள் மகாவின் வெள்ளை நகப்பூச்சைத்தான் பயன்படுத்துவார். வேலை நடக்கும்போது யார் சாயா கொடுத்தாலும் வாங்கிச் சுவர் மேல் வைப்பார். குடிக்க மாட்டார். ஆடை படிந்து ஆறிப்போன பின், மறக்காமல் எடுத்துக் கொண்டுபோய் ஓடையில் ஊற்றுவார். பத்தொன்பது வருடமாக நான் இதைப் பார்க்கிறேன்.

பெல்ட்டை மாட்டி முடித்ததும் இன்ஜினை உடனே முடுக்கிவிட மாட்டார். முன்சக்கரம் கழற்றிய இடைவெளி வழியாக நீளமான ஸ்பானரை விட்டு, கீழ்ச்சக்கரத்தைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுவார். கீழே இரண்டு சுற்றினால் மேலே ஒன்று. வெள்ளை அடையாளங்கள் திரும்பி நேருக்கு நேர் வந்து நின்றால் வேலை சுத்தம். பாதியில் பின்னால் திருப்பக் கூடாது, பெல்ட் தொய்ந்து ஒரு பல் தாண்டிவிடும். ஸ்பார்க் பிளக்குகளை முன்பே கழற்றியிருப்பதால், சுற்றச் சுற்ற அந்தத் துளைகள் வழியாகக் காற்று வரும். ‘ஹ்ஹ்’ என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டு மறுபடியும் ‘ஹ்ஹ்’. தூங்குகிற மனிதன் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

பெரும்பாலான இன்ஜின்கள் வலப்பக்கமாகச் சுற்றுபவை. சில பழைய வண்டிகளில் மட்டும் இடப்பக்கம். அப்படி ஒன்று வந்தால், பானெட்டைத் திறந்து பார்த்த உடனே மூடிவிடுவார். “இது நமக்கு வேண்டாம், கேட்டோ சேட்டா. வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் தொட்ட முதல் இடப்பக்கத்து வண்டி இதே முற்றத்தில்தான் நின்றது. முதல் சுற்று சுற்றும்போது அடுக்களையிலிருந்து அவர் மனைவி சீனியம்மாள், “சாயா ஆறுது” என்று கூப்பிட்டாள். “ம்” என்றார். இரண்டாம் சுற்றையும் முடித்து, கை கழுவி உள்ளே போனால், அவள் சாயா வடிகட்டியைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தோரு வயது. இதயம் என்றார்கள். மகாவுக்கு அப்போது நாலு வயது, என் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சுடுகாட்டில் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து, பிணத்தை இடமாக மூன்று முறை சுற்றி வர வேண்டும். சுடலைமணி ஒரே ஒரு சுற்று வந்தார், குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தார். நாவிதர் பதறிப்போய், “இன்னும் ரெண்டு இருக்குய்யா” என்றார்.

“அது நேத்தே சுத்தியாச்சு” என்றார் சுடலைமணி.

துக்கத்தில் உளறுகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

போன மாதம் மகா ஒரு பழைய கார் வாங்கி வந்தாள். வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழில் பாதி மலையாளம். தினமும் பாலங்கள் தாண்டிப் போக வேண்டும், முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள். பானெட்டைத் திறந்து பார்த்த சுடலைமணி இந்த முறை மூடவில்லை. இடப்பக்கத்து இன்ஜின்.

“நீ வேற வண்டி பாத்திருக்கலாம்லா மக்கா?”

“எனிக்கு இதான் இஷ்டம் அப்பா. கலர் எத்தர பங்கியா இருக்கு பாத்தீங்களா!”

இடப்பள்ளியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். மாற்றிவிட்டோம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து அவர் பெல்ட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். பழைய பெல்ட்டைத்தான் துடைத்து மாட்டியிருந்தார்கள். பல்லுக்குப் பல் முடி போல வெடிப்பு. அதில்தான் அவள் ஐந்து நாள் பாலத்தில் போய்வந்திருக்கிறாள்.

அன்று பகல் என்னிடம் வந்தார். “இனி ஒருத்தனையும் நம்ப மாட்டேன் அண்ணாச்சி. நானே மாத்துதேன். நீங்க பக்கத்துல நில்லுங்க.”

“சும்மா கெடல. எஞ்சினு எந்தப் பக்கம் சுத்துனா என்ன? இந்த பஜாரு முழுக்க வண்டி ஓடுது, ஊரே செத்தா போச்சு?” என்றேன்.

“சுத்துறது எஞ்சினுன்னா சரிதான். இதுல நாமல்லா சுத்துதோம், கையால, பொணத்தச் சுத்துத பக்கமா.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு முற்றத்துக்கு நடந்தேன்.

மகா பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தாள். மூன்று மணிக்கு பெல்ட் ஏறியது. நான் வரவழைத்த சாயா வழக்கம்போல் சுவர் மேல் இருந்தது. அவர் மகாவுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, பம்பர் மேல் சாய்த்து நிறுத்தினார்.

“மக்கா, நான் சொல்லுத வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணும். நிறுத்தக் கூடாது.”

“அப்பாவுக்குப் பிராந்து பிடிச்சுதா? எந்தா பேசணும்?”

“எதாவது பேசு.”

அவள் சிரித்துக்கொண்டே, காலையில் ஒரு லாரிக்காரன் தப்பான கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு ஆலுவா வரை போய்த் திரும்பிவந்த கதையை ஆரம்பித்தாள். சுடலைமணி காதுப் பஞ்சை எடுத்தார். ஸ்பானரை இடப்பக்கமாக அழுத்தினார். ‘ஹ்ஹ்.’ முதல் சுற்று முடிந்தது. மகா பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சுற்றில் பாதி வந்திருப்பார். மகாவின் சத்தம் நின்றுவிட்டது.

போனை எடுத்துப் பார்த்தேன். திரை இருட்டு. தட்டினேன், அழுத்தினேன், உயிர் வரவில்லை. சுடலைமணி ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பின்னால் திருப்பினால் பெல்ட் தாண்டும். முன்னால் திருப்பினால் இரண்டாம் சுற்று முடிந்துவிடும்.

“மணி, கைய எடுல.”

“பாதியில விட்டா சாவுக்கு வழி தொறந்து கெடக்கும் அண்ணாச்சி. அவளக் கூப்பிடுங்க.”

என் போனிலிருந்து கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பதிவுக் குரல் சொன்னது. நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் அதையே சொன்னது. அவர் ஸ்பானரை இம்மியும் அசையவிடவில்லை. கிடங்கில் மிளகாய்க் காந்தல் கிளம்பினால் வெளியே சுமைக்காரர்கள் தும்முவது கேட்கும். அன்று அதுகூடக் கேட்கவில்லை. யாருமே ஸ்பானரை அசைக்காதபோது, இன்ஜின் துளையிலிருந்து ஒரு முறை ‘ஹ்ஹ்’ என்று வந்தது. கேட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

“...அப்பறம் அந்த லாரிக்காரன் மேனேஜர்கிட்டப் போயிட்டு எந்தா சொன்னான்னு அறியாமோ?”

என் இன்னொரு கையிலிருந்த சுடலைமணியின் போனில் மகாவின் குரல். திரையில் வெளிச்சம்.

“பேசு மக்கா, பேசு” என்றார் சுடலைமணி. மீதிப் பாதியைச் சுற்றினார். கீழே வெள்ளைப் புள்ளி நேராக வந்தது, மேலே வெள்ளைப் புள்ளி நேராக வந்தது. ஒரு பல் தப்பவில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தரை மணிக்கு மகா வந்தாள். அதற்குள் பிளக், மூடி, சக்கரம் எல்லாம் மாட்டியாகிவிட்டது. வண்டியை முடுக்கிப் பார்த்து, “பட்டு மாதிரி” என்றாள். நான்தான் கேட்டேன், நடுவில் ஏன் போனை நிறுத்தினாய் என்று.

“நான் எப்ப நிறுத்தினேன் பெரியப்பா? வாய் வலிக்கப் பேசினேன். அப்பா ‘ம்... ம்...’னு கேட்டுட்டேதான இருந்தாங்க.”

போன் இருண்டு கிடந்த, சுடலைமணி ஒரு ‘ம்’கூடச் சொல்லாத அந்த நான்கு நிமிடத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

“அது போட்டே, அடுக்களையில யாரு அப்பா? வேலைக்கு ஆளு வெச்சிருக்கீங்களா?” என்றாள் மகா. “லாரிக்காரன் கதை பாதியில ஒரு சேச்சி சத்தம் கேட்டது. சாயா ஆறுது, சாயா ஆறுதுன்னு ரெண்டு தவண. பாவம், நீங்க மைண்டே செய்யல.”

அடுக்களைக் கதவு வெளியே பூட்டியிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

சுடலைமணி கைகளை வேட்டியில் துடைத்தார். சுவர் மேல் இருந்த சாயா தம்ளரை எடுத்தார். அதில் ஆடை படிந்து, ஒரு எறும்பும் விழுந்திருந்தது. ஓடைப்பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார்.