தம்பிக்குத் தரைப்பந்து அடித்தவன்

அபுதாபி முசஃபாவில் வெல்டிங் பட்டறை. ராஸ் அல் கைமாவில் அதற்கொரு கிளை. ஊரில் மாடி வீடு, தங்கைகள் இருவருக்கும் குறைவில்லாத கல்யாணம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தூக்கிவிட ஆளில்லாமல் உண்டாக்கியவை இவை. ஒரு பேஸ்பால் வீரரையும் உண்டாக்கினேன். அதைத்தான் யாரும் நம்புவதில்லை. அவர் என் தம்பி; மறைந்து ஓராண்டாகிறது.

பரமக்குடிப் பக்கம் பிறந்தவர். அப்பா காலமானபோது சிறு பிள்ளை. படிக்க வைத்தவன் நான். மதுரைக் கல்லூரியில் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வேலைக்கு என்னிடம் வந்தபோது பெட்டியில் துணிமணியைவிடக் கையுறையைத்தான் பத்திரமாக வைத்திருந்தார்.

ஆட்டத்தில் அவர் நிற்பது, ஓடித் தொடும் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில். அடித்த பந்து தரையோடு சீறி வரும். அள்ளி எறிய வேண்டும். இங்கே பழக இடமில்லை, ஆளுமில்லை. லீவு நாளில் பட்டறை முற்றத்தில் நானே இரும்புக் குழாயால் அவருக்குப் பந்தடித்துக் கொடுத்தேன். மணலில் கிடக்கும் தகட்டுத் துண்டில் பட்டுப் பந்து கண்டபடி எகிறும்.

"அண்ணே, பந்தை அடிக்கிறீங்களா, என்னையா?"

"உன்னைத்தாண்டா. தப்பிச்சுக்க!"

அந்த முற்றத்தில் பழகிய கைக்குத் துபாய்த் திடல் பாய் விரித்த மாதிரி. சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் அணி ஒன்று அங்கே தேர்வு வைத்து, தம்பியை எடுத்துக்கொண்டது. ஆட்டத்துக்குப் போவேன். ஒன்றும் புரியாது; பக்கத்தில் பேச ஆளிருக்காது. பந்து அவரிடம் போனால் மட்டும் எழுந்து நிற்பேன்.

முழங்கால் கெட்டதும் அல் ஐனில் பிள்ளைகளுக்குக் கோச் ஆனார். கத்தாத கோச். பந்தை விட்ட பிள்ளையிடம், "கலாஸ், அது போச்சு. அடுத்தது வருது பாரு" என்பாராம். அவர் அங்கே குடிபோனபின், லீவு நாளிலும் பட்டறையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருப்பேன்.

புற்றுநோய் வந்து படுத்தபோதும், "டூட்டி கெடுது, கிளம்புங்கண்ணே" என்று துரத்திக்கொண்டே இருந்தார். நான் போகவில்லை.

முகம் கோணாமல் பார்த்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், அலைந்து திரிந்து உடலை ஊர் சேர்த்த ரூம் நண்பர்களுக்கும், அவரிடம் பழகிய பிள்ளைகளின் பெற்றோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அந்தப் பெற்றோர் அல் ஐன் திடலில் தம்பிக்குப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். கம்பிவேலி செய்து கொடுத்ததால் அதில் என்னை நன்கொடையாளர் வரிசையில் எழுதியிருக்கிறார்கள். ஆட்டம் பழக்கியவர்கள் என்று மேலே வேறு இருவர். நானும் பழக்கினேன் என்றால், "நீங்களா, அங்கிள்?" என்று சிரிக்கிறார்கள். முற்றத்தில் நடந்ததற்குச் சாட்சி தம்பி ஒருவர்தான். அவரும் இல்லை.

நன்கொடையில் என் பெயரை அடித்துவிடுங்கள். பழக்கியவர்களில் போடுங்கள். முதல் பெயராகப் போடுங்கள்.