இரண்டு டோக்கனும் ஒரே மேசையில்

என் அப்பா திருநாவுக்கரசு செங்கல்பட்டில் ஒரு கோட்ட அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் டெண்டர் கிளார்க்காக இருந்தார். கடலோரச் சாலையும் தடுப்புச் சுவரும் போடுகிற அலுவலகம். பெயரைச் சொல்லலாம், வெட்கப்பட அங்கே ஆள் இல்லை என்பதால் சொல்லவில்லை. அவர் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. சாவுக்கு அங்கிருந்து வந்தவர் சரோஜா அம்மா ஒருவர்தான். கோப்புகளை அறைக்கு அறை தூக்கிப் போகிறவர். கையெழுத்துப் போடுகிற ஒருவரும் வரவில்லை.

அந்தக் காலத்து டெண்டர் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கோட்டப் பொறியாளரிடம், இன்னொன்று கணக்கு அதிகாரியிடம் இருக்க வேண்டும். தனி ஆள் யாரும் திறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. இரண்டு சாவியும் அப்பாவின் மேசை இழுப்பறையில் இருந்தன. பெட்டி திறக்கிற மூன்று மணிக்கு அந்த இரண்டு அதிகாரிகளையும் ஒரே இடத்தில் பிடிப்பது நடக்காத காரியம்.

2008இல் இணைய டெண்டர் வந்தது. வாசலில் 'வெளிப்படைத்தன்மை' என்று பேனர் கட்டினார்கள். அதிகாரிகள் இருவருக்கும் கட்டைவிரல் அளவில் ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார்கள். இருவரும் தத்தம் டோக்கனைக் கணினியில் செருகி, கடவுச்சொல் போட்டால்தான் விலைப்புள்ளிகள் திறக்கும். நான் பார்ப்பதும் இந்த மாதிரி மென்பொருள் வேலைதான். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு அது. செய்தவர் அந்த அலுவலகத்தைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். டோக்கன்கள் வந்த அன்றே இழுப்பறைக்குப் போயின. கடவுச்சொல்லையும் அப்பாவையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார் கோட்டப் பொறியாளர் கோபாலகிருஷ்ணன். அதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட இல்லை.

கணினி திறப்பதை எந்த ஒப்பந்தக்காரர் நம்புவார் என்று கேட்டு, கோபாலகிருஷ்ணனே ஒரு வழி கண்டுபிடித்தார். காலை பத்து மணிக்குக் கணினியில் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, பழைய பெட்டிக்குள் போட வேண்டும். மூன்று மணிக்கு எல்லார் முன்னாலும் முத்திரையை உடைக்க வேண்டும். அப்பா இதைச் சிரத்தையாகச் செய்தார். ஒரு முத்திரைகூடக் கோணலாக விழுந்ததில்லை. இது முட்டாள்தனம் என்று போனில் சொன்னேன். சென்னையில் நல்ல அரக்கு கிடைக்குமா என்று கேட்டார்.

நடுவில் இருந்த ஐந்து மணி நேரத்தின் அருமை கோபாலகிருஷ்ணனுக்குச் சீக்கிரம் புரிந்தது. அவருக்கு வேண்டிய ஒப்பந்தக்காரரின் விலை குறைவாக இல்லாவிட்டால், மூன்று மணிக்குள் டெண்டர் 'நிர்வாகக் காரணங்களால் ரத்து'.

2009 ஜூன் முதல் வாரத்தில் கடப்பாக்கம் தடுப்புச் சுவருக்கு டெண்டர். குறைந்த விலை போட்டிருந்தவர் அப்துல் சுபஹான், மாமல்லபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். கணினி வந்ததால் இனி நியாயமாக நடக்கும் என்று நம்பி முதல் தடவையாக வந்தவர். இரண்டரைக்கு ரத்து அறிவிப்பு ஒட்டினார்கள். அவர் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போய், டெண்டர் இணையதளத்திலிருந்து பிரிண்ட் எடுத்த ஒரு தாளோடு திரும்பி வந்தார்.

"இன்னா சார் இது, காலைல பத்து நாலுக்கே தொறந்துகீது. எம் பேருதான் மொத பேரு. அப்பால மூணு மணிக்கு யாருக்கு சார் அரக்கு ஒடைக்கிறீங்க?"

மேலிடத்துக்குப் புகார் போனது. பத்து நாலுக்கு இரண்டு டோக்கனும் போடப்பட்டதாகக் கணினிப் பதிவில் இருந்தது. அந்த நேரத்தில் அதிகாரிகள் இருவரும் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார்கள், போட்டோவே இருந்தது. ஆகவே டோக்கனைத் திருடியவன் ஒருவன் தேவைப்பட்டான்.

அப்பாவுக்கு ஜூன் முப்பது ஓய்வு நாள். விசாரணை நிலுவையில் இருந்தால் ஓய்வு பெற விடமாட்டார்கள். கடைசி நாள் மாலையில் சஸ்பெண்ட் உத்தரவு வரும். பிறருக்கு அப்படி வந்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்த ஒன்றுக்குத்தான் பயந்தார்.

கோபாலகிருஷ்ணன் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். வேலை அவசரத்தில் அனுமதியில்லாமல் டோக்கன்களை எடுத்தேன் என்று ஒரு கடிதம் கேட்டார்.

"எழுதிக் குடு திரு. ஒரு கண்டிப்போட முடிச்சுடறேன். முப்பதாந்தேதி கழுத்துல மாலை போட்டு அனுப்பறது என் பொறுப்பு."

எழுதாதீர்கள் என்று சொன்னேன். பெரியவர் வீடு தேடி வந்து கேட்கிறார் என்றார் அப்பா. தெளிவான கையெழுத்தில், ஒரு அடித்தலும் இல்லாமல் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். அந்தக் கதையில் அறிவோடு ஒரு காரியம் செய்தவர் அவர் மட்டும்தான். ஒரு மாதிரி டெண்டரை வைத்து, உங்கள் டோக்கனால் இதைத் திறந்து காட்டுங்கள் என்றார் கோபாலகிருஷ்ணனிடம். அவர் ஒற்றை விரலால் எதையோ தட்டினார். தவறு என்று வந்தது. மறுபடி தட்டினார். தவறு. வியர்த்துக்கொண்டு திரையையே பார்த்தார். குற்றம் சாட்டப்பட்ட அப்பா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். வாயைத் திறக்காமல் நின்றாலே போதும், தன் கடவுச்சொல்லே தெரியாதவர் கோபாலகிருஷ்ணன் என்று ஆகி, அப்பா தப்பித்திருப்பார்.

"சார், இன்னொரு தபா தப்பா போட்டா லாக் ஆயிடும். வேதகிரி, ஒம்போது ஒம்போது. மொத எழுத்து பெருசு."

திறந்தது. கோபாலகிருஷ்ணன் திரும்பிப் பார்க்காமல் "தேங்க்ஸ் திரு" என்றார். காபி எடுத்துப் போன சரோஜா அம்மா அங்கேயே இருந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதிகாரிகளின் கவனக்குறைவுக்கு எச்சரிக்கை. திருட்டுக்குக் கடிதம் இருந்தது; கடவுச்சொல் தெரிந்திருந்ததும் இப்போது சாட்சியானது. முப்பதாம் தேதி ஐந்து நாற்பதுக்கு சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. தேதியும் நேரமும் போட்டு, பெற்றுக்கொண்டேன் என்று அப்பா கையெழுத்திட்டார். மாலை வாங்கியிருக்கவே இல்லை.

ஏன் சொன்னீர்கள் என்று அன்று கத்தினேன்.

"லாக் ஆயிட்டா புதுசு வர பதினஞ்சு நாளு ஆவும்மா. அதுவரைக்கும் ஒரு டெண்டரும் தொறக்க முடியாது."

ஐந்து மாதம் சஸ்பெண்ட் ஆனவராகவே இருந்து இறந்தார். நேற்று தபாலில் அவர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. தாங்கள் காலமாகிவிட்டபடியால் தங்கள் மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது. கீழே கோபாலகிருஷ்ணனின் கையெழுத்து, பதவி உயர்ந்திருந்தது. அவரே போட்டதா, அப்பாவைப் போல இழுப்பறைக்காரர் யாராவது போட்டதா என்று தெரியவில்லை.